பாத்திரம் கழுவ வைக்கும் வார்த்தை

மண்ணூர்
16.6.2025

பேரன்புள்ள கண்ணப்பன் மாமாவுக்கு,

இதனால் சகலருக்கும் ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிப்பது யாதெனில்: நம் வீட்டுக் குளியலறையில் நெடுங்காலம் தன்னலம் கருதாது தண்ணீர் மொண்டு ஊற்றிய பச்சை நிற பிளாஸ்டிக் மக், நேற்று காலை கைப்பிடி கழன்று காலமானது. பிடி போனதும் அன்னாருக்கு வாழ்க்கையில் பிடிப்பும் போய்விட்டது. இறுதி ஊர்வலம் குப்பை வண்டி வரை நடந்தது. அம்மா மௌன அஞ்சலி செலுத்தவில்லை. "மக்கை ஒட்ச்சிட்டு பேச்சப் பாரு" என்று என் முதுகில் செலுத்தினாள்.

மற்றபடி இங்கே நானும் அம்மாவும் நலம். கொசுக்கள் எங்களை விட நலம். உன் உடம்பு எப்படி இருக்கிறது?

உன் மறுவாழ்வு இல்லத்தில் போன் கிடையாதாம், பதினெட்டு வயதுக்குக் கீழே பார்வையாளர் கிடையாதாம். எனக்குப் பதினாறுதான் என்பது என் தப்பா? தபால் ஆபீசில் போய் இன்லேண்டு லெட்டர் கேட்டேன். கவுன்ட்டரில் இருந்த அக்கா, கல்வெட்டிலிருந்து எழுந்து வந்தவனைப் பார்ப்பது போலப் பார்த்தாள். 'நீங்கள்' போட்டு மரியாதையாக எழுது என்றாள் அம்மா. போட்டால் யாருக்கோ வந்த கடிதம் என்று நீ திருப்பிக் கொடுத்துவிடுவாய். ஆகவே நீ, நீயேதான்.

போன வருஷமும் இதே மாதிரி போய் வந்தாய். இரண்டு மாதம் நன்றாக இருந்தாய். அப்புறம் நடந்ததை எழுதப் போவதில்லை. இந்த முறை அப்படி ஆகாது. ஏனென்றால் இந்த முறை வாசலில் நான் நிற்கிறேன். எனக்குப் பயம் கியம் ஒன்றும் கிடையாது. குடித்துவிட்டு வருகிறவனும் உள்ளே வர முடியாது, குடிக்கக் கூப்பிடுகிறவனும் உள்ளே வர முடியாது.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
செக்யூரிட்டி ஆபீசர், மெயின் கேட்
(சீருடை இன்னும் வழங்கப்படவில்லை)
இனியவன்


திண்டிவனம்
27.6.2025

அன்புள்ள இனியாவுக்கு மாமா எழுதுவது.

உன் கடிதம் கிடைத்தது. மக்குக்கு என் இரங்கல். உடைத்த மக்குக்கும்தான்.

உடம்பு தேறி வருகிறது. கை நடுக்கம் நின்றுவிட்டது. இந்தக் கடிதத்தைப் பார்த்தாலே தெரியும், எழுத்து கோட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அக்காவுக்கு முழங்கால் வலி எப்படி? கேன்டீனில் நின்றுகொண்டே வேலை செய்ய வேண்டாம் என்று சொல்.

இங்கே ஒரு வழக்கம் உண்டு. காலையில் எல்லோரும் வட்டமாக உட்கார வேண்டும். ஒவ்வொருவரும் தன் மனசு இன்றைக்கு எப்படி இருக்கிறது என்று ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். 'நல்லா இருக்கேன்' என்று மட்டும் சொல்லக் கூடாது. சொன்னால் அன்றைக்கு முழுக்கப் பாத்திரம் கழுவ வேண்டும். வந்த முதல் வாரம் முழுக்க நான்தான் கழுவினேன். இங்கே கவுன்சிலர் இசைவாணி மேடம், "கண்ணப்பன், ஒங்களால ஸ்க்ரப்பர் செலவு ஏறிப்போச்சு" என்றார்கள்.

மேடம் ஒரு வேலை கொடுத்திருக்கிறார்கள். போன முறை நான் மறுபடி குடிக்க ஆரம்பிப்பதற்கு முன்னால் வீட்டில் இருந்தவர்கள் என்ன பார்த்தார்கள் என்று கேட்டு வாங்கச் சொன்னார்கள். குடித்த நாளைப் பற்றி இல்லை, அதற்கு முந்திய நாட்களைப் பற்றி. அக்காவிடம் கேட்டால் அழும். நீ எழுது. கிண்டலாக எழுதினாலும் பரவாயில்லை.

நன்றாகப் படி.

மாமா,
கண்ணப்பன்


மண்ணூர்
4.7.2025

ஸ்க்ரப்பர் புகழ் மாமாவுக்கு,

நலம் என்று எழுதினால் எனக்கும் பாத்திரம் விழுமோ என்று பயந்து, உள்ளபடி எழுதுகிறேன்: அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியே கீது. எனக்கு வேதியியல் வலி. உன் நலம் அறிய ஆவல், அதுவும் ஒரு வாக்கியத்தில்.

மேடம் கேட்டதற்குப் பதில். நீ பல் தேய்க்கும்போது பாடுவாய். அது பாட்டுதான் என்று பக்கத்து வீட்டார் கடைசி வரை ஒத்துக்கொள்ளவில்லை. அந்தப் பாட்டு முதலில் நின்றது. நாங்கள் நிம்மதியடைந்தோம். அப்புறம் சாப்பாட்டில் குறை சொல்வதை நிறுத்தினாய். ஒரு நாள் உன்னைச் சீண்ட வேண்டும் என்றே அம்மா வைத்த குழம்பிலிருந்து உனக்கு மட்டும் உப்புப் போடுமுன் எடுத்து வைத்தேன். நீ ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டுப் போய்ப் படுத்தாய். உப்புச் சப்பில்லாத ஆளாகிவிட்டாயே என்று சிரித்தேன். எழுதும்போது சிரிப்பு வரவில்லை. எதைக் கேட்டாலும் "ஓகேடா, நல்லா இருக்கேன்டா" என்றாய். இதெல்லாம் நீ குடித்துவிட்டு வந்த அந்த நாளுக்கு மூன்று வாரம் முன்பே.

நண்பர் ரங்கா ஞாயிற்றுக்கிழமை வந்தார். கம்பெனியில் உன்னோடு ஒரே லைனில் வேலை, ஒரே பாட்டிலில் பங்கு, அதே ரங்காதான். "மச்சான் எப்படா வரான்? வந்தவொடனே ஒரு சின்ன பார்ட்டி வெச்சிக்கலாம்" என்றார். நான் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டேன். "வெச்சிக்கலாம்ணா. ஆனா மாமாவுக்கு இப்ப ஒரு புது மாத்திர குடுத்துகீறாங்க. அவர் குடிச்சா வாந்தி. அவர் பக்கத்துல குந்திகினு எவன் குடிச்சாலும் அவனுக்கும் வாந்தி. போன வாரம் ஒருத்தரு ஆஸ்பத்திரில" என்றேன். "இன்னாடா சொல்ற?" என்று கேட்டவர், ஏற்கெனவே வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார். இனி வரமாட்டார். செக்யூரிட்டி வேலை என்றால் இதுதான்.

உன் அலமாரியைத் துடைத்தபோது போன வருஷத்துச் சத்து மாத்திரை அட்டைகள் கிடைத்தன. பாதிக்கு மேல் அப்படியே இருக்கின்றன. சத்தே வேண்டாம் என்று முடிவெடுத்தாயா? வைத்திருக்கவா, தூக்கிப் போடவா?

உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
ரங்காவை ரங்கராட்டினம் சுற்றவைத்த
இனியவன்


திண்டிவனம்
16.7.2025

அன்புள்ள இனியாவுக்கு,

இங்கே மழை. ஒரு வாக்கியம் கேட்டாய்: இன்றைக்குத் தூங்கி எழுந்தபோது பசித்தது. இது பெரிய விஷயம் என்கிறார் மேடம். நீயும் அக்காவும் எப்படி இருக்கிறீர்கள்?

ரங்கா கதையை வட்டத்தில் படித்துக் காட்டினேன். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். ரங்கா என் வாயில் ஊற்றியதில்லை. அவன் கூப்பிடுமுன்பே நான் கிளம்பி நின்றேன். அவன் மேல் கோபம் வேண்டாம்.

உப்பில்லாத குழம்பு எனக்கு நினைவே இல்லை. அன்றைக்குச் சாப்பிட்டேன் என்பதே நினைவில்லை. நீ எழுதியதை மேடம் இரண்டு முறை படிக்கச் சொன்னார்கள். "குடி அன்னிக்கு ஆரம்பிக்கல கண்ணப்பன். அதுக்கு முன்னால எங்கியோ ஆரம்பிச்சிருக்கு. எங்கன்னு தேடுங்க" என்றார்கள்.

தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஆகஸ்ட் கடைசியில் அனுப்பிவிடுவார்கள் என்று தெரிகிறது. பஸ்ஸுக்கு யாரும் வர வேண்டாம், நானே வந்துவிடுவேன்.

மாமா,
கண்ணப்பன்


மண்ணூர்
24.7.2025

வெற்றித் திருமகனின் மாமாவுக்கு,

வெற்றித் திருமகன் நான்தான். நலம் விசாரிப்பெல்லாம் அப்புறம், முதலில் கைதட்டு.

நீ திரும்பி வந்தபின் குடிக்க வாய்ப்பே இல்லாத ஒரு திட்டத்தை நான் தீட்டி, நிறைவேற்றியும் விட்டேன். அம்மாவும் நானும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். டாஸ்மாக் கடை எப்போது திறக்கிறது? மதியம். எப்போது மூடுகிறது? ராத்திரி. அந்த நேரமெல்லாம் நீ தூங்கிக்கொண்டிருந்தால்? கடை மூடும் நேரத்தில் நீ கம்பெனிக்குள் இருந்தால்? கடைக்கும் உனக்கும் ஜாதகப் பொருத்தமே இல்லாமல் போய்விடும். ஆகவே, போன வருஷம் மாதிரிச் சில வாரம் மட்டும் இல்லை, நிரந்தர நைட் ஷிஃப்ட்!

அம்மாவும் நானும் ஒரகடம் போய் உன் சூப்பர்வைசர் சம்பத்குமார் சாரைக் கேட்டில் பார்த்தோம். அம்மா ஓரமாக நின்றாள். பேசியதெல்லாம் நான். "சார், ஊரே 'சீ' என்று ஒதுக்குகிற சி ஷிஃப்ட்டை என் மாமா வாழ்நாள் முழுக்க விரும்பி ஏற்கிறார்" என்று எடுத்துவிட்டேன். அவர் அசந்துவிட்டார். "நைட்டுக்கு எவனும் வர மாட்றான். இவன் வரேன்றானா? ஒடனே போட்டுர்றேன்" என்றார். மறுபடி வேலைக்கு எடுக்கவே மாட்டார்களோ என்று பயந்திருந்த அம்மா, வரும் வழியெல்லாம் பஸ்ஸில் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள். நைட் அலவன்சும் உண்டு.

பகலில் நீ தூங்கும்போது வீட்டைப் பூட்டிச் சாவியை நான் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப் போய்விடுவேன். சும்மா சொன்னேன். பாதி சும்மா.

மாத்திரை அட்டைகளைப் பற்றி நீ ஒன்றும் எழுதவில்லை. அலமாரியிலேயே வைத்திருக்கிறேன்.

உன் உடல்நலம் பற்றி ஒரு வாக்கியம் எழுது. கைதட்டல் பற்றி இரண்டு பக்கம் எழுது.

இப்படிக்கு,
நைட்டுக்கு லைட் போட்ட
இனியவன்


மண்ணூர்
13.8.2025

அன்புள்ள மாமாவுக்கு,

மூன்று வாரமாகப் பதில் இல்லை. கைதட்டிக் கைதட்டிக் கை வலிக்கிறதா?

நாங்கள் இருக்கிறோம். எனக்குச் சளி. அம்மா ஞாயிற்றுக்கிழமை உன்னைப் பார்த்துவிட்டு வந்தாள். "நல்லா கீறாண்டா. நைட்டு கெடச்சிச்சுன்னு சொன்னேன், தலையாட்டினான்" என்றாள். அப்புறம் பாத்திரம் தேய்த்துக்கொண்டே, "எட்த்துனு போன கருவாட்டுக் கொழம்ப தொடவே இல்ல" என்றாள். தனக்குத்தானே சொல்லிக்கொண்ட மாதிரி இருந்தது.

இங்கே புதிய மக் வந்துவிட்டது. நீல நிறம். இன்னும் யாரும் அதற்குக் கதை கட்டவில்லை.

இரண்டு வரி போதும்.

இனியவன்
(தற்காலிகமாகப் பட்டங்கள் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளன)


திண்டிவனம்
23.8.2025

அன்புள்ள இனியவனுக்கு,

நலம். நீயும் அக்காவும் நலமா? உன் சளி சரியாகிவிட்டதா? நான் நல்லா இருக்கேன்.

நைட் ஷிஃப்ட் ஏற்பாடு நல்ல ஏற்பாடு. உனக்கும் அக்காவுக்கும் சம்பத்குமார் சாருக்கும் நன்றி. இங்கே இன்னும் ஒரு மாதம் இருக்கச் சொல்கிறார்கள். அதனால் இந்த மாதம் வரவில்லை. மற்றபடி நல்லா இருக்கேன். கவலைப்பட வேண்டாம். பரீட்சைக்குப் படி. நான் நல்லா இருக்கேன்.

மாமா


மண்ணூர்
29.8.2025

மாமா,

உன் கடிதத்தில் 'நல்லா இருக்கேன்' மூன்று முறை வருகிறது. மூன்று நாள் பாத்திரம். அதுவும் இல்லத்துப் பாத்திரம் மொத்தமும்.

முன்னால் எழுதிய கடிதங்களையும் எடுத்துப் பார்த்தேன். 'இனியா' என்று தொடங்குகிற நீ, இதில் 'இனியவனுக்கு' என்று எழுதியிருக்கிறாய். சம்பத்குமார் சார் கூட என்னை இனியவன் என்று கூப்பிடுவதில்லை, "டேய் தம்பி" என்கிறார்.

பாட்டு நின்றபோது சிரித்தேன். உப்பில்லாமல் சாப்பிட்டபோது சிரித்தேன். ஓகேடா ஓகேடா என்றபோது மிமிக்ரி செய்து காட்டி அம்மாவையும் சிரிக்க வைத்தேன். மேடம் கேட்டபோது அதையெல்லாம் நானே எழுதினேன் அல்லவா? இப்போது அதே ஓகேடா தபாலில் வந்திருக்கிறது. இந்த முறை சிரிக்கத் தோன்றவில்லை.

என்ன ஆயிற்று? நைட் ஷிஃப்ட் என்று எழுதிய கடிதத்துக்குப் பின்னால்தான் நீ பேசாமல் போனாய். என் சளி போய்விட்டது. உன் உடம்புக்கு என்ன, மனசுக்கு என்ன, உண்மையாக ஒரு வாக்கியம் எழுது. எவ்வளவு மோசமான வாக்கியமாக இருந்தாலும் சரி.

இனியா


திண்டிவனம்
10.9.2025

அன்புள்ள இனியாவுக்கு,

கேட்ட வாக்கியம்: எனக்கு வெளியே வரப் பயமாக இருக்கிறது.

இன்னும் ஒரு மாதம் இருக்கச் சொன்னது இல்லம் இல்லை. நான்தான் மேடத்திடம் கேட்டு வாங்கினேன். வீட்டுக்கு வருவதைவிட இங்கே பாத்திரம் கழுவிக்கொண்டே இருந்துவிடலாம் என்று தோன்றியது.

அந்த அட்டைகள் சத்து மாத்திரை இல்லைடா. மனச்சோர்வுக்குக் கொடுத்தது. போன வருஷம் குடியை நிறுத்தப் போன இடத்தில் டாக்டர், "ஒங்களுக்குக் குடி ஒரு நோய், அதுக்கு அடியில இது ஒரு நோய். ரெண்டையும் பார்க்கணும்" என்றார். அக்காவிடம் எப்படிச் சொல்வது? குடிகாரத் தம்பி என்று ஏற்கெனவே பேர். பைத்தியக்காரத் தம்பி என்றும் வேண்டாமே என்று, சத்து மாத்திரை என்று சொல்லிவிட்டேன்.

முதல் இரண்டு மாதம் ஒழுங்காகப் போட்டேன். அப்புறம் என்னைத் தொடர்ந்து நைட்டில் போட்டார்கள். மாத்திரை போட்டால் விடியற்காலையில் கண் சொருகும். நான் நிற்பது பிரஸ் மெஷின் முன்னால். பக்கத்து லைனில் ஒருவருக்கு விரல் போனதைப் பார்த்தவன் நான். மாத்திரையா விரலா என்று யோசித்தேன். விரலைக் காப்பாற்றினேன். டாக்டரிடம் சொல்லியிருந்தால் நேரத்தையோ மாத்திரையையோ மாற்றிக் கொடுத்திருப்பாராம். கேட்கத் தோன்றவில்லை. நன்றாகத்தானே இருக்கிறோம், இனி எதற்கு என்றும் ஒரு எண்ணம்.

நைட் முடிந்து வந்தால் தூக்கம் வராது. ஷீட் கூரை கொதிக்கும். நீ பள்ளிக்கூடத்தில், அக்கா கேன்டீனில். ஊர் முழுக்க வேலையாக இருக்கும், நான் மட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன். எழும்போது இருட்டிக்கொண்டு வரும். எவரிடமும் பேசாமலே ஒரு வாரம் போய்விடும். நான் இல்லாவிட்டாலும் இந்த வீடு இப்படியேதான் ஓடும் என்று தோன்ற ஆரம்பித்தது. அந்த நினைப்பை அணைக்கத்தான் கடைக்குப் போனேன். மதியத்தில்தான் போனேன் இனியா. தூங்குவதாக நீங்கள் நினைத்துக்கொண்டிருந்த நேரத்தில்.

நைட் ஷிஃப்ட் வாங்கியிருக்கிறோம் என்று நீ அவ்வளவு சந்தோஷமாக எழுதியிருந்தாய். அக்கா வந்து அதையே சொல்லி அழுதது. எப்படி வேண்டாம் என்பேன்?

உன் கடைசிக் கடிதத்தோடு போய் மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன். டாக்டர் மாத்திரையைப் பற்றி மறுபடி பார்க்கிறார். மேடம் சொன்னது இதுதான்: வேளைக்குத் தூக்கம், வேளைக்கு மாத்திரை, மனசு சரியும்போது ஒரு ஆளிடமாவது வாய்விட்டுச் சொல்வது. ஒரு நாள் சறுக்கினால், 'எல்லாம் போச்சு' என்று முழுசாக விழுந்துவிடாமல் அன்றைக்கே வந்து சொல்வது.

அந்த ஒரு ஆள் யார் என்று எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். உன் பேரை எழுதலாம் என்று நினைத்தேன். சின்னப் பையன் தலையில் இதை வைக்காதீர்கள் என்றார்கள். அக்கா பேரை எழுதியிருக்கிறேன். இந்தக் கடிதத்தை அக்காவுக்குப் படித்துக் காட்டு. என் வாயால் சொல்ல முடியவில்லை. சம்பத்குமார் சாரிடம் யாராவது போய் நைட் வேண்டாம் என்று மட்டும் சொல்லி வைத்தால் நல்லது.

இருபத்தெட்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை அனுப்புகிறார்கள். அக்கா முழங்காலுக்கு ஒத்தடம் கொடுக்கச் சொல்.

மாமா,
கண்ணப்பன்


மண்ணூர்
19.9.2025

அன்புள்ள மாமாவுக்கு,

அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். மாத்திரை வந்த இடத்தில், "எங்கிட்ட சத்து மாத்திரன்னு சொன்னானே!" என்று கத்தினாள். சுவர் வந்த இடத்தில் கத்தலை நிறுத்திவிட்டாள். கடைசியில், "நைட்டு வேணான்னு சொல்லிருந்தா நான் இன்னா அட்ச்சா இருப்பேன்? இவன் பொழைக்கணும்னு தானடா அந்தாளு கால்ல வுழாத கொறையா கேட்டேன்" என்றாள். மறுநாள் காலையில், "மதியான சாப்பாட்டு நேரத்துல எனக்கு டெய்லி ஒரு போன் பண்ணச் சொல்லு. பேச ஒண்ணும் இல்லன்னாலும் பண்ணச் சொல்லு" என்றாள். முழங்கால் வலி பரவாயில்லையாம்.

இதில் ஒன்றைக் கவனித்திருப்பாய். ஆமாம். அன்றைக்கு சம்பத்குமார் சாரிடம் பேசியது நான் இல்லை. அம்மாதான். 'சீ ஷிஃப்ட்' வசனமெல்லாம் திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் யோசித்தது. கேட்டில் நான் தண்ணீர் கேனுக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

இந்த முறை பரிகாரமாக நானே தனியாகப் போனேன். நல்ல நல்ல வரியாக மனப்பாடம் செய்துகொண்டு போனேன். ஷிஃப்ட் விட்டு எல்லோரும் பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள். சார் என்னைப் பார்த்து, "இன்னாடா தம்பி, அதான் நைட்டு போட்டாச்சே, இன்னும் இன்னா?" என்றார். மனப்பாடம் செய்த அத்தனையும் போய்விட்டது. "நைட்டு வேணாம் சார், எங்க மாமாவுக்கு நைட்டு ஒத்துக்காது சார்" என்று இதையே திரும்பத் திரும்பச் சொல்லி அழுதேன். கம்பெனி பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாம் ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். அதில் ரங்காவும் இருந்தார். அவர்தான் இறங்கி வந்து டீ வாங்கிக் கொடுத்தார். வாந்தி மாத்திரை பொய் என்று அவரிடமும் சொல்லிவிட்டேன். "தெர்யும்டா" என்றார். அவருக்குத் தெரியாது என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

சார் வாக்குக் கொடுக்கவில்லை. "ஸ்டோர்ஸ்ல ஜெனரல் ஷிஃப்ட்டுக்கு ஆள் கேக்கறாங்க. அலவன்ஸ், ஓ.டி. காசு எதுவும் வராது. டாக்டர் லெட்டர் எட்த்துனு வரச்சொல்லு, பேசிப் பாக்குறேன். கெடைக்கலன்னா என்ன திட்டக் கூடாது" என்றார். கிடைக்காவிட்டால் வேறு இடம் பார்க்கலாம் என்கிறாள் அம்மா. இருங்காட்டுக்கோட்டையில் கேன்டீன் காய்கறி வண்டிக்கு ஆள் வேண்டுமாம், பகல் வேலையாம்.

இன்னொன்றும் இருக்கிறது. இதை எழுதலாமா என்று இரண்டு நாளாகத் தாளை மடித்து மடித்து வைத்தேன்.

வாசலில் நான் நிற்கிறேன், எனக்குப் பயமே இல்லை என்று முதல் கடிதத்திலேயே பீற்றிக்கொண்டேன். நீ இந்த மாதம் வரவில்லை, இன்னும் ஒரு மாதம் ஆகும் என்று கடிதம் வந்ததே, அதைப் படித்ததும் எனக்கு முதலில் வந்தது கவலை இல்லை மாமா. அப்பாடா என்று இருந்தது. அதற்குப் பிறகுதான் 'நல்லா இருக்கேன்' எத்தனை என்று எண்ணினேன்.

போன வருஷம் நீ சுவரோரம் திரும்பிப் படுத்திருப்பாய். நான் பையை மாட்டிக்கொண்டு, உன் சட்டை முதுகுப் பக்கம் ஏறி இறங்குகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போவேன். சில நாள் பாதி வழி போய்விட்டுச் சந்தேகம் வந்து திரும்பி வந்து பார்ப்பேன். தாமதமாக வந்ததற்கு வகுப்பில் ஏதாவது ஜோக் அடித்துத் தப்பித்துக்கொள்வேன். நீ வந்தால் மறுபடியும் அப்படிப் பார்க்க வேண்டியிருக்குமோ என்று பயமாக இருக்கிறது. இதை அம்மாவிடம் சொன்னேன். உங்கள் மேடம் மாதிரி ஒருத்தர் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வாரம் ஒரு முறை வருகிறார். அவரிடம் போகச் சொல்லியிருக்கிறாள். போவேன்.

செக்யூரிட்டி ஆபீசர் இவ்வளவுதான். சுத்த பயந்தாங்கொள்ளி.

இருபத்தெட்டாம் தேதி பஸ் ஸ்டாண்டுக்கு நான் வருவேன். நீ வர வேண்டாம் என்று எழுதினாலும் வருவேன். பயத்தோடுதான் நிற்பேன். நீயும் பயத்தோடுதான் இறங்குவாய். பரவாயில்லை, வா மாமா.

இனியா